கறை என்று நான் அழித்தது

ஆனி மாதக் கடைசி ஞாயிறு, காலை 4.50. சிவகாசியிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் செல்லும் பேருந்தில், வாடகைக் கேமராவை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டிக்கெட் இருபது ரூபாய். கேமரா வாடகை நாளுக்கு ஆயிரத்து ஐந்நூறு. அதை வீட்டில் சொல்லவில்லை.

காலண்டர் அச்சகத்தில் பதினெட்டு வருஷமாகக் கம்ப்யூட்டரில் படங்களைச் சுத்தம் செய்வது என் வேலை. வானம் வெளிறியிருந்தால் நீலமாக்குவேன். கீறல், கறை எதையும் விட்டுவைக்க மாட்டேன். போன வருஷம் பேச்சிமுத்து என்ற வனக்காவலர், தான் எடுத்த கருமந்திப் படத்தைத் தன் ஊர்க் கோயில் காலண்டருக்குத் தந்தார். மேகம் மூடிய கிளையில் கன்னங்கரேலென்று ஒரு தாய்க் குரங்கு. வயிற்றில் செம்பழுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. துடைத்தேன். மேகத்தையும் எடுத்துவிட்டு நீல வானம் வைத்தேன்.

காலண்டர் போய்ச் சேர்ந்த அன்று அவர் போனில் கூப்பிட்டார். “படம் பளிச்சுனு இருக்கு சார். குட்டிய எங்க போட்டீக?”

கருமந்திக்குட்டி பிறந்த சில வாரம் அந்த நிறத்தில்தான் இருக்குமாம். அந்த ஒரு படத்துக்காக மனிதர் மூன்று மழைக்காலம் அலைந்திருக்கிறார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அடுத்த வருஷக் காலண்டருக்கு அதே படத்தை ஒழுங்காகப் போட்டுத் தருகிறேன் என்று கெஞ்சினேன். மறுபடி தரமாட்டேன், வேண்டுமானால் மலைக்கு வந்து நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றுவிட்டார். ஆடிப் பதினெட்டுக்கு, புதுக் காலண்டர் மாதிரிகளைத் தொகுத்த எங்கள் சாம்பிள் ஆல்பம் வெளியாக வேண்டும். அதற்குள், அதில் கருமந்திக்கு ஒதுக்கிய பக்கத்தை நிரப்பாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

6.00. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செண்பகத்தோப்புக்கு ஆட்டோ, இருநூற்றைம்பது. சிவகாசி ஆள் என்றதும் டிரைவர் தீபாவளி வெடிக்கு விலை விசாரித்தார். நான் காலண்டர் என்றேன். சரி, அப்போ ஒரு காலண்டர் கொடுங்கள் என்றார்.

வனத்துறை அனுமதிக் கடிதத்தோடு பேச்சிமுத்து காத்திருந்தார். ஐம்பதைத் தாண்டிய ஒல்லி மனிதர். அட்டைப்பூச்சி ஏறாமலிருக்க என் காலில் வேப்பெண்ணெய் தடவச் சொன்னார். எங்கள் பக்கத்தில் எதிரி வந்தாலும் முதலில் சாப்பிட்டீர்களா என்றுதான் கேட்பார்கள். அவர் அதைக் கேட்கவில்லை. கோபம் ஆறவில்லை என்று தெரிந்துகொண்டேன்.

9.30. அடிவாரத்தில் வேர்த்துக் கொட்டிய உடம்பு மேலே ஏறியதும் நடுங்கியது. மேகம் மரங்களுக்குள் நடந்து போனது. கிளையெல்லாம் பாசி, இலைநுனியெல்லாம் சொட்டு. தலைக்கு மேல் இருவாச்சி ஒன்று சிறகடித்துப் போன சத்தம் கேட்டதே தவிர, பறவை தெரியவில்லை. இவ்வளவு மேகத்தையா நான் ஒரே அமுக்கில் அழித்தேன்!

10.50. ‘ஹூ... ஹூ’ என்று ஓர் உறுமல். பேச்சிமுத்து என் தோளை அழுத்தி உட்கார வைத்தார். முப்பதடி தூரத்தில், கிளையில், தாய். நான் கேமராவைத் தூக்கியதும் மேகம் வந்து மறைத்தது. விலகட்டும் என்று காத்திருந்தேன். பதினெட்டு வருஷப் பழக்கம், லேசில் போகுமா?

“மேகம் போனா அதும் போயிரும். இப்பமே எடுங்க,” என்று காதுக்குள் சொன்னார்.

அமுக்கினேன். தாய் கையை அசைத்தது. அதன் வயிற்றிலிருந்து செம்பழுப்பாக ஒரு தலை நிமிர்ந்து எங்களைப் பார்த்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறுபடி அமுக்குவதற்குள் இரண்டும் இல்லை.

கேமராவில் படத்தைக் காட்டினேன். மங்கல்தான். அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு பையிலிருந்து புளிச்சோற்றுப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார்.

“காலைல சாப்பிட்டீகளா சார்?”

இல்லை என்றேன். பாதியை என் பக்கம் தள்ளினார்.

திங்கட்கிழமை, சிவகாசி. ஜன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்தியது. மருந்துக்கும் மேகம் இல்லை. படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால், என்னிடமே தொழில் பழகிய மகாலட்சுமி அதைப் பெரிதாக்கி வைத்திருந்தாள்.

“அண்ணே, வயித்துப் பக்கம் ஒரு கறை இருக்கு. எடுத்துரவா?”

மவுஸை அவள் கையிலிருந்து வாங்கினேன்.

“தொடாதம்மா. அது பிள்ளை.”