அடியிலிருந்து இரண்டு தட்டு

“அந்த மிலிட்டரி லாரி வேலைய எனக்குக் குடுங்க.”

எதைக் கேட்டாலும் இதைக் கேட்காதே என்று அப்பா சொல்லியிருந்தார். கேட்டுவிட்டேன். பேய் இரவில்தான் வரும் என்பவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு நடந்தது பட்டப்பகலில், அண்ணனூர் பக்கம் ஒரு லாரி ஷெட்டில்.

ஏலத்தில் எடுத்த பழைய லாரி. பெரிய கியருக்குப் பக்கத்தில் சின்ன கியர் ஒன்று உண்டு; முன்சக்கரமும் சேர்ந்து இழுக்க அதைப் போடுவார்கள். அது நியூட்ரலுக்கு வந்துவிட்டால், பெரிய கியர் போட்டிருந்தாலும் வண்டி உருளும். பல வருஷம் முன்பு இதே ஷெட்டில் அப்படி உருண்டுதான், அடியில் படுத்திருந்த மெக்கானிக் பாபு செத்தார். கேபினில் இருந்தவர் என் அப்பா கிறிஸ்துதாஸ்.

“ரெண்டு தட்டு கேட்டுச்சு, அதான் சின்ன கியர நியூட்ரலுக்குத் தள்ளினேன்” என்றார். யாரும் நம்பவில்லை. குடிகாரன் என்றார்கள். அப்பா பாக்குகூடப் போடாதவர். அதற்குப் பிறகு எந்த ஷெட்டும் அவரைச் சேர்க்கவில்லை. அவர் சொன்னது பொய்யா, நிஜமா? அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்த ஷெட்டில் பில் போடும் வேலைக்கே சேர்ந்தேன்.

அந்தக் கேபினில் ஏற வேறு ஆள் இல்லை. முதலாளி அழகேசன் சிரித்தார். “டிகிரி படிச்ச கையில கிரீஸ் ஆவுமே?”

“சோப்பு கீதுல்ல?”

ஷெட்டின் பழைய மெக்கானிக் கஜபதி அண்ணன் கீழே அட்டை விரித்துப் படுத்தார். சின்ன கியரின் லிவருக்குப் புது புஷ், அதை இறுக்கிப் பிடிக்கப் புது பின். நான் மேலே. ஷெட்டின் வழக்கம் இது: கீழே இருப்பவர் ஸ்பானரால் ஒரு தட்டு தட்டினால் கியரைப் போடு. இரண்டு தட்டினால் நியூட்ரல்.

டக். போட்டேன்.

டக், டக். எடுத்தேன்.

டக். போட்டேன். சரியாக விழுந்தது.

மின்சார ரயில் ஒன்று இரைந்து போனது. அதன்பின் சத்தமே இல்லை. தகரக் கூரை கொதித்தது. ஆனால் லிவர் சில்லென்று இருந்தது...

டக்... டக்.

மெதுவாக.

“அண்ணா, எடுக்கவா?”



டக்... டக்.

கண்ணாடி வழியே பார்த்தேன். எதிர்க்கடையில் கஜபதி அண்ணன். கையில் டீ.

லிவர் நகர்ந்தது.

நான் தள்ளவில்லை.

லாரி ஒரு குலுக்குக் குலுக்கி, சக்கரத்துக்கு வைத்த கட்டையில் முட்டி நின்றது. குதித்துக் குனிந்தேன். யாரும் இல்லை. அட்டை மட்டும். ஆள் படுத்ததுபோல் அமுங்கியிருந்தது... மெல்ல நிமிர்ந்துகொண்டிருந்தது.

ஓடிப்போய்ச் சொன்னேன். கஜபதி அண்ணன் கிளாஸைக் கீழே வைத்தார்.

“அன்னிக்கு பாபுவோட ஸ்பானர சீட்டு மேல வச்சதே நான்தாம்மா. அவன் ரெண்டு கையும் அடியில லிவர் ராடைப் புட்சிகினு இருந்துச்சு.”

“அப்ப தட்டுனது யாரு?”

“தெர்லம்மா. ஆனா... எனக்கும் கேட்டுச்சு.”

“இத்தினி வருசம் வாய மூடிகினு இருந்தியா?”



“ஏறும்மா, வண்டிய வாங்க சாயங்காலம் பார்ட்டி வர்றான்!” ஷெட்டிலிருந்து முதலாளி கத்தினார்.

ஏறினேன். புதுப் பின்னை உருவி, லிவரைக் கழற்றிப் பையில் போட்டேன்.

“ஏய், இன்னா பண்ற?”

“வேணும்னா எங்க ஊட்டுக்கு வா. எங்கப்பா கையால வாங்கிக்க. அன்னிக்கு கேட்டத சொல்ல கஜபதியயும் இட்னு வா.”

கேட்டைத் தாண்டினேன். அத்தனை வெயிலிலும் பைக்குள் அது சில்லென்றே இருந்தது.