வெள்ளத்துக்குப் பூசிய நீலம்

எங்கள் இணையத்தளத்தில் வரும் எல்லாப் படங்களுக்கும் ஒரே நிறச்சாயல் இருக்க வேண்டும் என்று அதன் உரிமையாளர் ஒரு மாரிக்காலத் தொடக்கத்தில் முடிவெடுத்தார். செய்திகளில் தொடங்கிய வாக்கியம் முடிய வேண்டும் என்று அவரிடம் கேட்டுக் கேட்டு அலுத்திருந்த எனக்கு, இந்த முடிவின் வேகம் வியப்பாக இருந்தது.

நான் கொழும்பில் ஒரு தினசரியில் உதவி ஆசிரியராக இருந்துவிட்டு மட்டக்களப்புக்குத் திரும்பியவன். அந்தத் தளத்துக்கு வீட்டிலிருந்தே செய்தி எழுதினேன்; மற்றவர்கள் எழுதியதைத் திருத்தினேன். உரிமையாளர் இரும்புக்கடை வைத்திருந்தார். கடையின் மேல்மாடிதான் அலுவலகம். அங்கே படங்களுக்குப் பொறுப்பு அவருடைய மனைவியின் தம்பி. முப்பதைத் தாண்டியவர், கல்யாண வீடுகளில் படம் பிடிப்பவர். முகநூலில் தன் பெயருக்குக் கீழே ‘நிறக் கலைஞர்’ என்று போட்டிருந்தார்.

அவருடைய கலை என்னவென்று ஒருநாள் எனக்குக் காட்டினார். பிரவுசரில் ஒரு பக்கம். அதன் நடுவில் நீளமான ஒரு நிறப்பட்டை. இடது முனையில் ஒரு நிறம், நடுவில் ஒன்று, வலது முனையில் ஒன்று என்று குத்தி வைத்தால், ஒன்றிலிருந்து மற்றதுக்கு நிறம் வழுக்கிக்கொண்டு போகும். படத்தில் இருட்டாக உள்ள இடங்கள் எல்லாம் இடது முனை நிறத்தை எடுத்துக்கொள்ளும். வெளிச்சமான இடங்கள் வலது முனை நிறத்தை. எவ்வளவு அழுத்தமாக என்பதற்கு ஒரு ஸ்லைடர். பிறகு ஒரு பொத்தானை அழுத்தினால் அது ப்ரீசெட்டாக இறங்கும். அதை எந்தப் படத்துக்கும் மாட்டிவிடலாம்.

கருவியைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. சொன்னதைச் செய்தது. ஸ்லைடரைக் கால்வாசியில் நிறுத்தினால் படத்துக்கு ஒரு மெல்லிய சாயல் வரும், அவ்வளவுதான். இவர் எப்போதும் கடைசிவரை தள்ளினார்.

நிறங்களை அவர் கண்ட இடத்திலெல்லாம் பொறுக்கினார். மயிலிறகு, கூறைச்சேலையின் முந்தானை, ஒரு ஷாம்பு போத்தல். தளத்துக்கென்று தெரிந்தெடுத்தது கல்குடாப் பக்கத்து ஹோட்டல் விளம்பரம் ஒன்றிலிருந்த கடலின் நிறத்தை. அதற்கு ‘வாவி நீலம்’ என்று பெயர் வைத்தார். வாவி அவருடைய வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் கிடந்தது. அது அந்த நிறத்தில் ஒருநாளும் இருந்ததில்லை.

அதன்பின் எல்லாம் வாவி நீலம். குருவானவர் ஒருவரின் வெள்ளிவிழாப் படத்தில் அவர் தண்ணீரிலிருந்து அப்போதுதான் தூக்கப்பட்டவர் போல் தெரிந்தார். சந்தையில் தக்காளி விலை ஏறிய செய்திக்குத் தக்காளி நீலமாக வந்தது. அந்தத் தக்காளியைக் காட்டிக் கேட்டேன்.

“அண்ணே, நீங்க பேப்பர் காலத்து ஆள்,” என்றார் கலைஞர். “இப்ப ஆக்கள் படத்தைப் பாக்கிறதில்ல, லுக்கைத்தான் பாக்கிற.”

“தக்காளி எண்டு எப்பிடித் தம்பி தெரியும்?”

“அதுக்குத்தானே நீங்க கீழ எழுதுறீங்க.”

உரிமையாளர் மேசைக்கு அப்பாலிருந்து சிரித்தார். மைத்துனர் சொல்வதெல்லாம் அவருக்கு நகைச்சுவையாகவே பட்டது.

கார்த்திகையில் மழை விடாமல் பிடித்தது. ஒரு காலையில் மச்சாள் அழைத்தார். என் அண்ணனின் மனைவி. அண்ணன் கத்தாரில் இருக்கிறார்; படுவான்கரையில் வாவியை ஒட்டியிருக்கும் எங்கள் வயலை மச்சாள்தான் செய்விக்கிறார். வட்டை என்று நாங்கள் சொல்லும் அந்த வயல்வெளியிலேயே தாழ்ந்த துண்டு அது.

“தம்பி, வேளாண்மை தண்ணிக்குள்ள போயிட்டு. நுனி மட்டுந்தான் தெரியிது. ஆத்துவாயை இப்ப வெட்டினாத்தான் தப்பும். இன்னும் நிண்டா வேரோட அழுகிரும். மறுகா விதைக்க என்னட்ட என்ன கிடக்கு?”

வெளியூர்க்காரருக்கு இதைச் சொல்ல வேண்டும். ஆற்றுவாயில், வாவிக்கும் கடலுக்கும் நடுவில், மணல் அடைத்துக் கிடக்கும். மாரியில் அதை வெட்டிவிட்டால் வெள்ளம் கடலுக்கு ஓடிவிடும். வயல்காரர்கள் உடனே வெட்டு என்பார்கள். மீன்பிடிகாரர்கள் பொறு என்பார்கள். வெட்டினால் வாவியில் வளரும் இறாலும் வெள்ளத்தோடு போய்விடும். வருடா வருடம் நடக்கும் வழக்கு. இரு பக்கத்திலும் நியாயம் உண்டு. கூட்டம் வைத்து, வெள்ளத்தின் அளவைப் பார்த்து, அதிகாரிகள் தீர்ப்பார்கள்.

நானும் கலைஞரும் அவருடைய மோட்டார் சைக்கிளில் போனோம். வரம்பில் நின்று பார்த்தேன். கலங்கிய மண்நிறத் தண்ணீர். அதற்கு மேல், விரல் நீளத்துக்கு, பயிரின் மஞ்சள் கலந்த பச்சை நுனிகள், அடுத்த வட்டைவரை. நடுவில் காவல் குடில் முழங்கால் அளவு தண்ணீரில் நின்றது. கலைஞர் சேற்றுக்குப் பயந்து சைக்கிளை விட்டு இறங்கவில்லை. இருந்தபடியே எடுத்தார். நல்ல படம்தான், அவருடைய கமராவின் சிறு திரையில் நானே பார்த்தேன். நுனிகள் தெளிவாகத் தெரிந்தன.

பின்னேரம் செய்தி வெளியானது. தலைப்பு நான் எழுதியது: படுவான்கரையில் நெற்பயிர் நீரில் மூழ்கியது. கீழே படம். அதில் பயிர் இல்லை.

எப்படிப் போனது என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அந்தப் பட்டை எது பச்சை, எது மண்நிறம் என்று பார்ப்பதில்லை. எவ்வளவு வெளிச்சம் என்று மட்டும் பார்க்கிறது. அன்றைய மழை மப்பில் பயிர் நுனிக்கும் சேற்றுத் தண்ணீருக்கும் ஒரே அளவு வெளிச்சம். ஆகவே இரண்டுக்கும் ஒரே நீலம். நுனிகள் தண்ணீருக்குள் கரைந்துவிட்டன. மிஞ்சியது அமைதியான நீல வாவியும் அதன் நடுவே ஒரு குடிலும். இறால் காவலுக்குப் போட்ட குடில் என்றுதான் எவரும் நினைப்பார்கள்.

கலைஞரை அழைத்தேன்.

“ஒரிஜினலைப் போடுங்க. இப்பவே.”

“அதை அழிச்சிட்டனே அண்ணே. மெமரி காட்டில இடமில்ல. எடிட் பண்ணினாப் பிறகு அது என்னத்துக்கு?”

என் போனில் நானும் ஒரு படம் எடுத்திருந்தேன். அதை உரிமையாளருக்கு அனுப்பி, மாற்றும்படி சொன்னேன். அவர் கட்டைவிரல் அனுப்பினார். சற்று நேரத்தில் படம் மாறியது. என் படமும் நீலமாகியிருந்தது.

இதற்குள் மச்சாளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு.

“தம்பி, உங்கட படத்துக்கு உங்க அண்ணன் கத்தார்ல இருந்து ஹார்ட் போட்டிருக்கார். நம்மட ஊர் என்ன வடிவு எண்டும் எழுதியிருக்கார். அது நம்மட வயல்தான் எண்டு நான் எடுத்துச் சொல்லவேண்டியதாப் போச்சு. மனிசன் இப்ப ஹார்ட்டை எடுத்திட்டார். நல்ல பேப்பர் நடத்துறீங்க.”

அடுத்த நாள் காலை கூட்டம். புதிதாக மாற்றலாகி வந்த ஓர் அதிகாரி தலைமை. வயல்காரர்கள் ஒரு பக்கம், மீன்பிடிகாரர்கள் மறுபக்கம். கலைஞரும் கமராவோடு வந்திருந்தார். வட்டைக்குப் பொறுப்பான விதானையார் எழுந்து, பயிர் போய்க்கொண்டிருக்கிறது, இன்றே வெட்ட வேண்டும் என்றார். மீன்பிடிச் சங்கத் தலைவர் தன் போனை உயர்த்திப் பிடித்தார்.

“சேர், இதைப் பாருங்க. இவங்கட வெள்ளம் இதுதானாம். பேப்பர்காரரே போட்டிருக்காங்க. இது எங்கட வாவி சேர். நெடுக இப்பிடித்தான் கிடக்கு. அந்தா, இறால் காவல் குடிலும் நிக்குது.”

“குடில் என்ட வட்டையில நிக்குதடா!” என்றார் விதானையார். “காட்டுப் பண்டிக்குக் காவல் கட்டின குடில்!”

“அப்ப பண்டி நீந்துதாக்கும்.”

மீன்பிடிப் பக்கம் வெடித்துச் சிரித்தது. தலைவரை நான் குறை சொல்ல மாட்டேன். தன் ஆட்களின் இறாலுக்காகப் பேச வந்தவர் அவர். அவர் கையில் ஆயுதத்தைக் கொடுத்தது நாங்கள்.

அதிகாரி படத்தைத் திரையில் பெரிதாகக் காட்டச் சொன்னார். எங்கள் வயல் சுவரளவுக்கு நீலமாக விரிந்தது. அவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“நல்ல படம். ஆர் எடுத்தது?”

கலைஞர் எழுந்து நின்று, நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தார்.

அந்த ஒரு கணத்தில், என் தொழில் வாழ்க்கையில் சந்தித்த எல்லா அசடுகளையும் நான் மன்னித்துவிட்டேன். அவர்களில் ஒருவரும் தான் அழித்ததன் முன்னால் நின்று பாராட்டு வாங்கியதில்லை.

நான் எழுந்து, அந்தச் செய்தியை எழுதியவனும் இந்தப் படத்தை எடுத்தவனும் நான், அதில் நிறம் ஏற்றியிருக்கிறார்கள், உண்மையான நிறம் இது என்று என் போனை நீட்டினேன். அதிகாரி வாங்கிப் பார்த்தார். திரையைப் பார்த்தார். திரும்பவும் போனைப் பார்த்தார்.

“ஒரே இடம், ரெண்டு நிறம். இதில எது எடிட் பண்ணினது?”

“திரையில இருக்கிறது, சேர்.”

“சேர், வெளியில வந்ததுதானே செய்தி,” என்றார் சங்கத் தலைவர். “கைக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கிறதை எப்பிடி நம்புற?”

மேசையில் சிலர் தலையாட்டினார்கள். நான் கலைஞரைப் பார்த்தேன். உண்மையைச் சொல்ல அவருக்கு ஒரு வாக்கியம் போதும். அவர் எழுந்தார்.

“சேர், எடிட் எண்டு சொல்லேலாது. கலர் கரெக்சன்.”

திருத்தியதாம். அதிகாரி இதைத் திருப்தியாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, ஆளை அனுப்பி நேரில் பார்த்த பின்பே தீர்மானம் என்று கூட்டத்தைக் கலைத்தார். அவருடைய இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் படுவான்கரைக்குப் போகும் தெருவில் அன்று மாலையே தண்ணீர் ஏறியது. அனுப்பிய ஆள் பாதியில் திரும்பினார். தெரு மூழ்கியது தெரிந்த பிறகுதான் வெள்ளம் என்பதை எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். ஆற்றுவாயை வெட்டினார்கள். கலைஞர் போய் மணலையும் இயந்திரத்தையும் நீலமாகப் படம் பிடித்துக்கொண்டு வந்தார். உரிமையாளர் தலைப்பைத் தானே எழுதினார்: எமது செய்தியின் எதிரொலி!

மேட்டு வயல்கள் தப்பின. எங்கள் துண்டு தப்பவில்லை.

நான் உரிமையாளருக்கு இனி எழுத மாட்டேன் என்று தகவல் அனுப்பினேன். அதற்கும் கட்டைவிரல் வந்தது. பிறகு, ஏதோ நினைத்துக்கொண்டவர்போல் அழைத்தார்.

“போறதுக்கு முதல் ஒண்டு செஞ்சு தாங்க. உங்கட மச்சாள்ட வயல்ல மறுகா விதைக்கிறாங்களாமே? உருக்கமான ஸ்டோரி. மச்சினனை அனுப்புறன்.”

அன்று நான் வயலில்தான் நின்றேன். கேட்டதை மச்சாளிடம் சொன்னேன். அவர் மேட்டு வயல்காரரிடம் கேட்டு வாங்கிய குறுகிய வயது நெல்லை முளைகட்டி, சாக்கோடு வரம்பில் வைத்திருந்தார். கால் முழங்கால்வரை சேறு. அழுகிய பயிரின் நாற்றம் இன்னும் போகவில்லை.

“வரச் சொல்லுங்க,” என்றார். “உடைஞ்ச வரம்பு மூண்டு கிடக்கு. மண்வெட்டியும் கிடக்கு.”

நான் அதை உரிமையாளரிடம் அப்படியே சொன்னேன். ஒருவரும் வரவில்லை.

“நீங்க என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? பேப்பர்காரர், சாக்கைப் பிடிங்க.”

பிடித்தேன். மச்சாள் ஓலைப் பெட்டியில் நெல்லை அள்ளிக்கொண்டு இறங்கி, வீசி எறிந்துகொண்டே போனார். வாவிப் பக்கத்து மூலையில் தண்ணீர் இன்னும் வடியவில்லை. பருவம் பிந்திவிட்டது, மழையும் முடியவில்லை. அந்த மூலையில் விதை பிடிக்குமா என்று கேட்டேன். தெரியாது என்றார். கை நிறைய அள்ளி அங்கேயும் எறிந்தார்.