வாயில் ஆணி வைத்திருந்தவர்

என் அம்மாவின் தம்பி இருபத்தாறு வருஷம் வாயில் ஆணி வைத்து வேலை பார்த்தவர். சோபாவுக்கும் நாற்காலிக்கும் மெத்தை வைத்து, ரெக்சின் இழுத்து அடிக்கும் கடை. அரை அங்குல ஆணிகளை ஒரு பிடி அள்ளி இடது கன்னத்துக்குள் போட்டுக்கொள்வார். நாக்கு அவற்றை ஒவ்வொன்றாகத் திருப்பி, தலை முன்னால் வரும்படி உதட்டுக்குக் கொண்டுவரும், முன்பல் கடித்துப் பிடிக்கும். காந்தம் ஏற்றிய சுத்தியல் உதட்டைத் தொட்டு ஆணியை எடுத்துக்கொண்டு போகும். ஒரு தட்டில் ஆணி நிற்கும், அடுத்த தட்டில் இறங்கும். ஒரு கை துணியை இழுத்துப் பிடித்திருக்கும், இன்னொரு கையில் சுத்தியல். ஆணி எடுக்க அவரிடம் வாயைத் தவிர வேறு எதுவும் இல்லை.

அதனால் பகலில் மாமா பேசமாட்டார். ஒரு ‘ம்’ என்றால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை. கடையில் அவருக்கு ‘மௌனசாமி’ என்று பெயர்.

அத்தை சொல்வார்: “கல்யாணமான புதுசுல கடைக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். நேத்து வெச்ச குழம்பு நல்லா இருந்துச்சான்னு கேட்டேன். ரெண்டு தடவை ‘ம்’முன்னார். மூணு நாள் நான் மூஞ்சி குடுத்துப் பேசல. அப்புறம் சொல்றார், ரெண்டாவது ‘ம்’ ஆணி தொண்டைப் பக்கம் போனதுக்காம்.”

“போகலடி, போகப் பாத்துச்சு,” என்பார் மாமா. “போயிருந்தா நீ இந்நேரம் நிம்மதியா இருப்ப.”

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். பல் மருத்துவம். மூன்றாம் வருஷம் வாய்நோய்ப் பாடத்தில், பொருள்களாலும் ரசாயனங்களாலும் வாயில் ஏற்படும் காயங்கள் என்று ஒரு அத்தியாயம் வந்தது. அதில் ஒரு படம்: மேல் முன்பல்லின் விளிம்பில் சின்னதாக ஒரு பள்ளம். ஊசியையும் ஆணியையும் பல்லில் கடித்துப் பிடிப்பவர்களுக்கு வருவது என்று கீழே எழுதியிருந்தது. விடுதி அறையில் அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அது மாமாவின் பல்.

அடுத்த விடுமுறையில் அவர் வாயைப் படம் எடுத்துவந்து வகுப்பில் காட்டிப் பேசினேன். எல்லோரும் கைதட்டினார்கள். அதுவரை அந்த வகுப்பில் என் குரல் எழும்பியதே இல்லை. என் வீட்டு ஆளின் தேய்ந்த பல்லை விற்றுத்தான் அந்தக் கைதட்டலை வாங்கினேனோ என்று இப்போது தோன்றுகிறது. அன்று தோன்றவில்லை. அன்று பெருமையாகத்தான் இருந்தது.

படிப்பு முடிந்து அதே துறையில் மேற்படிப்பில் சேர்ந்தேன். வாயிலிருந்து வெட்டியெடுத்த துணுக்குகளை நுண்ணோக்கியில் பார்த்து, என்ன நோய் என்று சொல்வது என் வேலை. அந்த வருஷம்தான் அத்தை போன் செய்தார்.

“பாப்பா, உங்க மாமா ஒரு வாரமா கஞ்சிதான் குடிக்கிறார். நாக்குல புண்ணு. ஆஸ்பத்திரிக்கு வான்னா, வீட்டிலேயே டாக்டர் இருக்கும்போது எதுக்குங்கறார்.”

போனேன். செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன். நாக்கின் இடது ஓரத்தில் வெள்ளைத் தோல் ஒன்று ஆடை போல் மூடியிருந்தது.

“என்ன வெச்சீங்க இங்க?”

“வலி மாத்திரை. முழுங்கினா உடம்பெல்லாம் சுத்திட்டுத்தானே வரணும். அதான் வலிக்கிற இடத்திலேயே அடக்கிக்கிட்டேன்.”

எனக்கு நிம்மதி. மாத்திரையை விழுங்காமல் வாயில் அடக்கினால் அந்த இடம் வெந்துபோகும். அதே அத்தியாயத்தில் அதுவும் உண்டு. மாத்திரையை நிறுத்தச் சொன்னேன். எங்களுக்கு ஒரு விதி இருக்கிறது: வாய்ப்புண்ணுக்குக் காரணம் தெரிந்தால் அதை நீக்கிவிட்டுப் பதினான்கு நாள் பார்க்க வேண்டும். ஆறாவிட்டால் வேறு பேச்சில்லை, ஒரு துணுக்கு வெட்டிப் பார்த்துவிட வேண்டும். நாக்கின் ஓரம் என்றால் இன்னும் கவனம். புற்று அங்கேதான் அதிகம் வரும்.

பதினான்கு நாளில் வெள்ளைத் தோல் உரிந்துபோனது. அடியில் புண் அப்படியே இருந்தது.

“அப்ப இது ஆணி,” என்றேன். “உங்க ஆணி எல்லாம் உரசுற இடம் இதுதான் மாமா. கொஞ்ச நாள் வாயில ஒண்ணும் போடாதீங்க.” கடை முதலாளி ஆணிக்குப் பதிலாக ஸ்டேப்ளர் பின் அடிக்கும் துப்பாக்கி ஒன்று வாங்கிவைத்திருந்தார். அதை வைத்து வேலை செய்யச் சொன்னேன். மறுபடி பதினான்கு நாள்.

பன்னிரண்டாம் நாள் மதியம் அவர் கடைப் பக்கம் போனேன். பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன். எதிர்ச் சாரியில் நின்றபோதே அந்தச் சத்தம் கேட்டது. டொக், டொக். துப்பாக்கிக்கு அந்தச் சத்தம் கிடையாது. கடைக்குள் மாமா ஒரு நீள சோபாவின் முதுகில் குனிந்திருந்தார். இடது கன்னம் புடைத்திருந்தது.

நான் உள்ளே போய்த் திட்டியிருக்க வேண்டும். வாயைத் திறக்கச் சொல்லியிருக்க வேண்டும். திரும்பிப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தேன். வழியெல்லாம் மனசு லேசாக இருந்தது. அதைத்தான் இன்றுவரை என்னால் யாரிடமும் சொல்ல முடியவில்லை. ஆணி இன்னும் வாயில் இருக்கிறது, அப்படியானால் புண் ஆறாததற்குக் காரணமும் இருக்கிறது, வெட்டிப் பார்க்க வேண்டியதில்லை.

பதினான்காம் நாள் அவரே சொன்னார்: “ஆணி போட்டுட்டேன் பாப்பா. கை நிக்கல.”

“சரி, அப்ப திரும்ப முதல்லேர்ந்து,” என்றேன். கோபம் போலக் காட்டிக்கொண்டேன்.

இந்த முறை கல்லூரிக்கே வரவழைத்து, கடைவாயில் உடைந்திருந்த ஒரு பல்லின் முனையையும் தேய்த்துவிட்டேன். அதுவும் ஒரு காரணம்தானே. மூன்றாவது பதினான்கு நாள். முடிவில் புண்ணின் விளிம்பு தடித்து எழுந்திருந்தது. உறைபோட்ட விரலால் தொட்டபோது அடியில் கெட்டியாக இருந்தது. அன்றே அறுவைப் பிரிவுக்கு அனுப்பித் துணுக்கு எடுக்கச் சொன்னேன்.

துணுக்கு எங்கள் துறைக்கே வந்தது. கண்ணாடித் தகட்டில் எண் மட்டும்தான் இருக்கும், எனக்கு அந்த எண் தெரியும். வேறு யாருக்கும் தராமல் நானே வைத்துப் பார்த்தேன். மேலே நிற்க வேண்டிய செல்கள் எல்லைக் கோட்டைத் தாண்டி, தீவு தீவாகக் கீழே இறங்கியிருந்தன. ஒரு முதலாண்டு மாணவிகூடப் புற்று என்று சொல்லிவிடுவாள்.

துறைத் தலைவி பின்னால் வந்து நின்றார். “யாரோடது?”

“என் மாமா மேடம்.”

“எத்தனை நாளா இருக்கு?”

“நீங்க கேக்கறது... நான் முதல்ல பாத்து நாப்பத்தாறு நாள்.”

அவர் தகட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டார்.

நாக்கில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக எடுத்தார்கள். கழுத்தில் அப்போது ஒன்றும் இல்லை என்றார்கள். அவர் படுத்திருந்த நாட்களில் எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. எங்கே உட்கார்ந்தாலும் கை நாற்காலியின் அடிப்பக்கம் போய் ஆணித்தலைகளைத் தடவும். எங்கள் கல்லூரியில் நோயாளிகள் காத்திருக்கும் கூடத்து இருக்கைகள் மாமாவின் கடையில் அடித்தவை. வரிசையாக அறுபது. தங்கள் முறைக்காக அதில் உட்கார்ந்து கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருப்பவர்களைப் பார்ப்பேன். அவர்களுக்கு அடியில் உள்ள ஒவ்வொரு ஆணியும் அவர் எச்சில் பட்டது. சில நாள் கூடம் காலியான பிறகும் டொக் டொக் என்று கேட்கும். எழுந்து போய்ப் பார்ப்பேன். யாரும் இருக்கமாட்டார்கள்.

அறுவை முடிந்த மூன்றாம் மாதம் மாமா வீட்டுக்குப் போனேன். அவர் பேச்சில் ‘ர’வும் ‘ல’வும் வழுக்கும். இங்கே நேராக்கி எழுதுகிறேன். அத்தை உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தார்.

“மாமா, அன்னைக்கு நான் கடைக்கு வந்தேன். நீங்க ஆணி போட்டிருந்ததைப் பாத்துட்டுத்தான் பேசாம போயிட்டேன்.”

“தெரியும்.”

“எப்படி?”

“கடைக்குள்ள இருக்கிற அலமாரிக் கதவு பூராக் கண்ணாடி. நீ நின்னது அதுல தெரிஞ்சுது.” துண்டால் வாயோரம் துடைத்துக்கொண்டார். “அதுக்கு முன்னாடி பதினோரு நாள் நான் ஒரு ஆணிகூட வாயில வெக்கல பாப்பா. துப்பாக்கியிலதான் வேலை. உங்க அத்தையைக் கேளு. தினம் காலையில கண்ணாடியில நாக்கை நீட்டிப் பாப்பேன். ஆறல. ஒரு துளிகூட ஆறல.”

எனக்குப் புரியத் தொடங்கியது. புரிய வேண்டாம் என்றும் இருந்தது.

“பன்னெண்டாவது நாள் எடுத்துப் போட்டுக்கிட்டேன். ஆணி இருந்தா அது ஆணிக்காயம்தானே. நீயும் அப்படித்தானே சொன்ன.” கொஞ்சம் நிறுத்தி, “நீ தெருவைத் தாண்டி உள்ள வருவேன்னு பாத்தேன்,” என்றார். “வந்திருந்தா சொல்லியிருப்பேன். நீ போனதும், சரி, டாக்டரே போறா, பெருசா ஒண்ணும் இருக்காதுன்னு எனக்கும் தைரியம் வந்துடுச்சு.”

உள்ளே அத்தை துணியை உதறும் சத்தம் நின்றிருந்தது.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே பயத்தை ஒரே ஆணியில் மாட்டிவைத்திருந்தோம். அவருக்காவது அது தன் நாக்கு. நான் படித்தவள். படிப்பு எனக்குத் தந்தது, நாள் தள்ளுவதற்குச் சரியான காரணங்கள் மட்டும்தானா? அவர் எனக்குச் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஐந்தாம் மாதப் பரிசோதனைக்குப் பெரிய மருத்துவரிடம் போகும் முன் என்னிடம்தான் வந்தார். நாற்காலியில் சாய்ந்து சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார்.

“இந்தத் தடவை காரணம் எதுவும் கண்டுபிடிக்காத,” என்றார். “இருந்தா இருக்குன்னு சொல்லு.”

தாடைக்குக் கீழே விரல்களை வைத்து, தோலை மெல்ல எலும்போடு சேர்த்து உருட்டினேன். வலப்பக்கம் ஒன்றுமில்லை. இடப்பக்கம், காதுக்கு இரண்டு விரல்கடை கீழே, பட்டாணி அளவில் ஒன்று விரலுக்கு அடியில் நின்றது. நகரவில்லை. சளி பிடித்தால்கூடக் கழுத்தில் கட்டி வரும். போன வாரம் அவருக்கு இருமல் இருந்ததாக அத்தை சொல்லியிருந்தார். அந்தக் காரணம் என் நாக்கு நுனி வரை வந்தது.

“ஒண்ணு இருக்கு மாமா,” என்றேன். “இன்னைக்கே ஊசி குத்தி அதிலேர்ந்து கொஞ்சம் எடுத்துப் பாக்கணும்.”

“இன்னைக்கேவா? உங்க அத்தை வெளியில உக்காந்திருக்கா.”

“அவங்களையும் கூப்பிட்டுக்கலாம்.”

அவர் பொத்தானைப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் எழுந்து நடந்தார்.