பத்துப் பேர் முன்னால் சொல்ல வேண்டியது

தேங்காய் உடைக்கிற சத்தம்தான் முதலில் கேட்டது. பால்கனியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்தால், கீழே எங்கள் கார் பக்கத்தில் என் வீட்டுக்காரர் முழங்கால் மடிந்து உட்கார்ந்திருக்கிறார். எதிரே கீழ்வீட்டுக்காரன், கையில் இரும்புக் கம்பி. மறுபடி ஓங்கிவிட்டான். நான் போட்ட கூச்சலில் அந்த அடி குறி தப்பித் தோளில் விழுந்தது.

எல்லாம் கார் நிறுத்துகிற இடத்துக்காக. டெல்லியில் குடியிருக்கிறவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டாம். தெருவையே பட்டா போட்டு வாங்கியவன் மாதிரி அவன் பூந்தொட்டிகளை வைத்து இடம் பிடித்திருப்பான். அன்றைக்கு இவர் தொட்டியை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு எங்கள் காரை நிறுத்தினார். அதற்கு மண்டையைப் பிளந்துவிட்டான் பாவி. நான் செருப்பில்லாமல் படியில் ஓடி இறங்கினேன். இடது காதுக்கு மேலே ரத்தம் கொப்பளிக்கிறது, கையில் இருந்த துணியை வைத்து அழுத்துகிறேன், சுற்றி நின்றவர்கள் போனை நீட்டி வீடியோ எடுக்கிறார்கள். ஒருத்தன் கையையாவது கடித்துத் துப்பியிருக்க வேண்டும், அதற்கு அப்போது நேரமில்லை.

எங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். என் அப்பா திருநெல்வேலியிலிருந்து சென்ட்ரல் கவர்ன்மென்ட் கிளார்க்காக வந்தவர். நான் லோதி ரோடு குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். என் வீட்டுக்காரர் யூதர். மும்பைக்குத் தெற்கே கடலோரத்துக் குடும்பம், தாய்மொழி மராத்தி. ஒரே ஆபீஸில் வேலை பார்த்துப் பழகிக் கல்யாணம் செய்துகொண்டோம். நான் மதம் மாறவில்லை, அவரும் கேட்கவில்லை. வீட்டில் ஹிந்திதான் பேசுவோம். திட்டுவது மட்டும் நான் தமிழில்.

அவருக்கு எழுந்ததும் ஒரு நன்றி, தண்ணீர் குடித்தால் ஒரு நன்றி, கக்கூஸ் போய்விட்டு வந்தால்கூடக் கடவுளுக்கு ஒரு நன்றி. நிஜமாகத்தான் சொல்கிறேன், அதற்கும் அவர்களிடம் ஒரு ஜெபம் இருக்கிறது. பண்டிகையன்று சந்தோஷமாக இருப்பது அவர்களுக்குச் சட்டம். "உத்தரவு போட்டா சந்தோஷம் வருமா?" என்று கல்யாணமான புதிதில் கேலி செய்திருக்கிறேன். "மனைவிக்குப் புதுத்துணி, குழந்தைக்கு இனிப்பு, வீட்டில் நல்ல சாப்பாடு. செய்வது நம் வேலை, சந்தோஷம் பின்னாலேயே வரும்" என்பார். சும்மா சொல்லக் கூடாது, அந்தப் புதுத்துணி விஷயத்தில் எனக்கு ஒரு குறையும் வைத்ததில்லை.

ஆஸ்பத்திரியில் மண்டை ஓட்டைத் திறந்து உறைந்த ரத்தத்தை எடுத்தார்கள். பிழைத்தார். ஆனால் வலது கை பாதிதான் தூக்க முடிந்தது, பேச்சு போய்விட்டது. சொல்வதெல்லாம் புரியும். பதில் சொல்ல வாயைத் திறந்தால் வருவது ஒரே வார்த்தை, ஹிந்தியில் சரி என்பதற்குச் சொல்கிற "அச்சா." பசிக்கிறதா, அச்சா. வலிக்கிறதா, அச்சா. வேண்டாம் என்பதற்கும் அச்சாதான். மூளையில் பேச்சு இருக்கிற இடத்தில் அடி, மெல்ல வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர்.

போலீஸ் ஸ்டேஷனில் "பக்கத்து வீட்டுக்காரர்கள், பேசி முடித்துக்கொள்ளுங்கள் மேடம்" என்றார்கள். "உன் பெண்டாட்டி மண்டையைப் பிளந்துட்டு வரேன், நாம பேசி முடிச்சுக்குவோமா?" என்று கேட்டேன். கேஸ் எழுதினார்கள். சீக்கிரமே ஜாமீனில் வந்துவிட்டான் அவன். வந்த அன்றைக்கே வாசலில் நாற்காலி போட்டு டீ குடித்தான். மேலே நிமிர்ந்து என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. அடுப்பில் இருந்த பெரிய குக்கரைப் பருப்போடு தூக்கிக்கொண்டு வந்து பால்கனியிலிருந்து அவன் கார்மேல் போட்டேன். முன்கண்ணாடி நொறுங்கியது. மூடியையும் விட்டெறிந்தேன். எனக்கு அதில் இன்றுவரை ஒரு துளி வருத்தமில்லை, குக்கர் போனதைத் தவிர.

இவர் வீட்டுக்கு வந்து சுவரைப் பிடித்து நடக்க ஆரம்பித்ததும், ஒருநாள் ஜெபப் புத்தகத்தை எடுத்து ஒரு பக்கத்தைத் திறந்து என்னிடம் நீட்டினார். விரல்களை விரித்துக் காட்டினார். பத்து. எனக்குப் புரிந்துவிட்டது. சாவின் வாயிலிருந்து தப்பி வந்தவன் பத்துப் பேர் முன்னால் நின்று கடவுளுக்கு நன்றி சொல்ல வேண்டும், அதைத் தள்ளிப்போடக் கூடாது. தனியாக வீட்டில் முணுமுணுத்தால் செல்லாது. அவர் அப்பா ஒருமுறை கடலில் படகு கவிழ்ந்து பிழைத்தபோது செய்ததாகச் சொல்லியிருக்கிறார்.

அந்த ஜெபத்துக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். தகுதி இல்லாதவர்களுக்கும் நல்லது செய்கிறவனே, எனக்கும் செய்தாயே என்று வரும். எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது.

"யாருக்குத் தகுதியில்ல? ஒனக்கா? கம்பியெடுத்து அடிச்ச நாசமாப்போறவன் கீழ உக்காந்து டீ குடிக்கான், நீ போயி, நான் தகுதியில்லாதவன்னு பத்துப் பேர் முன்னால சொல்லப்போறியா? எதுக்கு நன்றி? மண்ட பொளந்ததுக்கா, நாக்கு போனதுக்கா?"

புத்தகத்தைப் பிடுங்கி எறிந்தேன். சோபாவுக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லக் குனிந்து, இடது கையால் அதை எடுத்து, அட்டையில் முத்தம் கொடுத்தார். கீழே விழுந்த ஜெபப் புத்தகத்துக்கு அப்படிச் செய்வது அவர்கள் வழக்கம். பிறகு அதே பக்கத்தைத் திறந்து உட்கார்ந்து பழக ஆரம்பித்தார்.

தினமும் காலையில் இதுதான். முதல் சொல்லுக்கு உதடு குவியும். கழுத்து நரம்பு புடைக்கும். வெளியே வருவது அச்சா. மறுபடி அச்சா. ஒருநாள் ஆத்திரம் தாங்காமல் இடது கை முஷ்டியால் தன் மண்டையிலேயே குத்திக்கொண்டார், தையல் போட்ட பக்கத்தில். பாய்ந்து கையைப் பிடித்தேன். என்னை உதறப் பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் யாரையும் அடித்து நான் பார்த்ததில்லை, தன்னைத்தானே அடித்துக்கொண்டு பார்த்தேன். இதைச் சொல்லி முடிக்காவிட்டால் இந்த மனுஷன் தன்னைக் கொன்றுவிடுவார் என்று பயந்துபோனேன்.

சரி, பத்துப் பேர்தானே. டெல்லியில் யூதர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய குடும்பங்கள். ஜெபக்கூடத்தில் பல சனிக்கிழமை பத்து சேராது. நான் சண்டைக்கு ஆள் திரட்டுகிற மாதிரி திரட்டினேன். "வர முடியுமா என்று கேட்கவில்லை, எத்தனை மணிக்கு வருகிறீர்கள் என்று கேட்கிறேன்" என்று ஹிந்தியில் மிரட்டினேன். பஹார்கஞ்ச் லாட்ஜில் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டு யூத ஜோடியைக்கூட விடவில்லை. எங்கள் கூடத்தில் பெண்களையும் கணக்கில் சேர்ப்பார்கள், என்னைப் போல மதம் மாறாதவளைச் சேர்க்க முடியாது. நான் இல்லாமலே பத்து தேறியது.

சனிக்கிழமை காலை, தோரா என்கிற வேதச் சுருளைப் படித்து முடித்த பிறகு அவரைக் கூப்பிட்டார்கள். மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாயைத் திறந்தார்.

"அச்சா."

கண்ணை மூடி மறுபடி ஆரம்பித்தார். அச்சா. மூன்றாவது முறை அது வார்த்தையாகவே இல்லை, அறுபடுகிற ஆட்டின் சத்தம். மேஜைமேல் முஷ்டியால் ஓங்கி ஓங்கிக் குத்தினார். விரல் முட்டியில் தோல் கிழிந்து வெள்ளைத் துணியில் ரத்தம் பட்டது. வந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அந்த வெளிநாட்டுப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தொழுகையை நடத்துகிறவர் பேங்கில் வேலை பார்ப்பவர், என் வயதுதான் இருக்கும். என் வீட்டுக்காரர் கையைப் பிடித்து நிறுத்தினார். "சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது" என்றார் ஹிந்தியில். "இன்னொருவர் இவருக்காக நன்றி சொல்லலாம். கேட்டுவிட்டு இவர் ஆமென் என்றால் போதும், இவர் கடமை முடிந்தது. ஒன்றே ஒன்று. சொல்கிறவருக்கு இவர் பிழைத்ததில் உண்மையாகவே சந்தோஷம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கடவுள் பெயரை வீணாகச் சொன்னதாகிவிடும்."

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"நான் உங்கள் மதமில்லையே."

"பரவாயில்லை. கேட்டு ஆமென் சொல்லப்போவது அவர்தான். உங்களுக்குச் சந்தோஷமா, அதைச் சொல்லுங்கள்."

சந்தோஷமா? இவர் அடிபட்ட அந்தச் சாயங்காலத்திலிருந்து ஒரு நிமிஷம் நான் சந்தோஷப்பட்டதில்லை. கண் விழித்ததும் நினைப்பது அவனைத்தான். அவன் லாரியில் அடிபட்டுக் கிடக்கிற மாதிரி, கம்பியை நானே அவன் வாயிலே இறக்குகிற மாதிரி. இவருக்குச் சாதம் ஊட்டும்போதும் மனசு கீழ்வீட்டில்தான். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"இல்லை" என்றேன். "எனக்குச் சந்தோஷமில்லை."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். கோபமே இல்லை அந்த முகத்தில். போகட்டும் விடு என்கிற மாதிரி தலையை ஆட்டி, "அச்சா" என்றார்.

எங்கிருந்துதான் வந்ததோ எனக்கு. எழுந்து அவர் முன்னால் போய் நின்றேன். பத்துப் பேர் இருப்பது, கூடம், ஹிந்தி, எல்லாம் மறந்துவிட்டது.

"என்னல அச்சா? எல்லாத்துக்கும் அச்சாவா? நீ அன்னைக்கே செத்துப் போயிருந்தா நான் யார்ட்ட சண்ட போடுவேன்? யாருக்குச் சோறு ஊட்டுவேன்? குழிக்குள்ள போயிருக்க வேண்டிய மனுசன், எம்முன்னால நின்னு தலைய ஆட்டுத! ஒன்ன மண்ணுக்குக் குடுக்காம எனக்குத் திருப்பிக் குடுத்தானே, அந்தச் சாமி நல்லாருக்கட்டும்! நல்லாருக்கட்டும்!"

அவர் சட்டையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது. தொழுகை நடத்துகிறவருக்குத் தமிழ் தெரியாது. என்ன சொன்னேன் என்று அவர் கேட்கவும் இல்லை.

என் வீட்டுக்காரரின் உதடு குவியவில்லை, நரம்பு புடைக்கவில்லை. சாதாரணமாக, ஆபீஸில் யாருக்கோ பதில் சொல்வதுபோல, "ஆமென்" என்றார்.

கேஸ் நடக்கிறது. கடைசிவரை நடத்துவேன், அந்தப் பாடையில் போறவனை விடுவதாயில்லை. ஆனால் அன்றைக்கு அவர் சட்டையைப் பிடித்தபடி நின்றபோது எனக்கு அவன் முகமே ஞாபகத்தில் இல்லை. சட்டைக்குள் அவர் நெஞ்சு சூடாக இருந்தது. என் மனுஷன் உயிரோடு இருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.