ஆஃப்ரின் விட்டுப்போன கடுகளவு தோல்

அன்புச் சகோதரிகளே, என் மகள் ஆஃப்ரின் ஏழு மாதத்தில் மௌத்தானாள். பால் குடிப்பாள், வாந்தி எடுப்பாள், துவண்டு போவாள். என்ன நோய் என்று கடைசிவரை யாராலும் சொல்ல முடியவில்லை. ஆஸ்பத்திரியில் அவள் தொடையிலிருந்து கடுகளவு தோல் எடுத்துப் பத்திரப்படுத்தியிருந்தார்கள். அவளில் மீதமிருந்தது அவ்வளவுதான்.

இரண்டு வருடம் கழித்து யாசிர் பிறந்தான். பிறந்ததும் எடுத்த பரிசோதனையில், அக்காவின் ரத்தத்தில் முன்பே கண்டிருந்த அதே மரபணு மாற்றம் அவனுக்கும் இருந்தது. அது கெடுதலான மாற்றமா, சும்மா இருக்கும் மாற்றமா என்று தெரியவில்லை. மரபணுவிலிருந்து உடம்பு எடுக்கும் நகல்தான் ஆர்.என்.ஏ.; ஆஃப்ரினின் தோலில் உள்ள அதைப் படித்தால் தெரியும் என்று, எங்களைப் பார்த்துவந்த அஸ்தம்பட்டி டாக்டரம்மா வெளியூர் லேப் ஒன்றுக்கு அனுப்பினார். கெடுதல் என்றால் தாய்ப்பாலை உடனே நிறுத்திவிட்டுத் தனிப் பால்மாவு கொடுக்க வேண்டும். இல்லையென்றால் நிறுத்துவதே பிள்ளைக்குக் கேடு.

ரமலானுக்கு முந்தின வாரம் யாசிர் பால் குடித்துவிட்டுத் துவண்டான். நான்தான் வீணாகப் பயப்படுகிறேனோ என்று இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. அந்த இரண்டு நாளுக்காக இன்றும் பாவமன்னிப்புக் கேட்கிறேன். மூன்றாம் நாள் டாக்டரம்மாவிடம் ஓடினோம். லேபிலிருந்து அன்றுதான் பதில் வந்திருந்தது. படித்ததில் பெரும்பகுதி மனித மரபணுவோடு பொருந்தவில்லை, தோல் முழுவதும் செலவாகிவிட்டது, இனி ஒன்றும் செய்ய இயலாது என்று எழுதியிருந்தார்கள். யாசிரின் தோலை எடுத்துப் பார்ப்பதென்றால் மாதக்கணக்காகும் என்றார் டாக்டரம்மா.

வீட்டுக்கு வந்து நண்பகல் லுஹர் தொழுதேன். நெற்றியைத் தரையில் வைத்த ஸஜ்தாவிலிருந்து எழ முடியவில்லை. ‘யா அல்லாஹ், எனக்கு ஒன்றும் தெரியவில்லை, நீதான் வழி காட்ட வேண்டும்’ என்று அழுதேன். அழுகை ஓய்ந்தபோது, தொழுகை விரிப்பில் உட்கார்ந்தபடியே, எனக்குக் கோழிப்பண்ணை நாற்றம் நினைவுக்கு வந்தது.

கல்யாணத்துக்கு முன் நாமக்கல்லில் கோழி நோய் ஆராய்ச்சியில் இதே ஆர்.என்.ஏ. வேலைதான் பார்த்தேன். புதுச்சத்திரம் பண்ணைகளிலிருந்து சித்திரை வெயிலில் மாதிரிகள் வரும். வழியிலேயே கெட்டு, ஆர்.என்.ஏ. துண்டு துண்டாகிவிடும். படிப்பதற்காக ஒவ்வொரு துண்டின் முனையிலும் அடாப்டர் என்ற செயற்கைத் துண்டு ஒன்றை ஒட்டுவார்கள். எந்திரம் எப்போதும் ஒரே நீளத்துக்குப் படிக்கும். துண்டு குட்டையாக இருந்தால் அதைத் தாண்டி அடாப்டரையும் சேர்த்துப் படித்துவிடும். அதை வெட்டி எறியாவிட்டால் எந்த வரியும் எதோடும் பொருந்தாது. நல்ல மாதிரிகளையே பார்த்துப் பழகியவர்கள் அந்தப் படியைத் தாண்டிவிடுவதுண்டு. என் மகளின் தோலும் இரண்டு வருடம் கிடந்ததுதானே?

ஆனாலும் தயங்கினேன். வேலையை விட்டு நாலு வருடம் ஆகிறது, பெரிய லேபுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகிறது? என் கணவரிடம் மெல்லச் சொன்னேன்.

“கேட்டுப் பாரு. தப்புன்னா தப்புன்னு சொல்லப்போறாங்க. இதுக்கு மேல நமக்கு என்ன போயிரப்போவுது?” என்றார்.

எந்திரம் படித்த மூலக் கோப்புகளைக் கேட்டு வாங்கினோம். யாசிரை மடியில் போட்டுக்கொண்டு திறந்தேன். வரிக்கு வரி கடைசியில் அதே எழுத்துகள். நான் பல நூறு முறை பார்த்த அடாப்டர் எழுத்துகள். பிஸ்மில்லாஹ் சொல்லி அவற்றை வெட்டினேன். பொருந்தாமல் கிடந்த வரிகள் பொருந்தின. அந்த மரபணுவுக்கு வந்தேன். நடுவில் ஒரு பகுதி முழுவதுமாக விடுபட்டிருந்தது. அப்படியென்றால் அந்த மாற்றம் கெடுதல்தான்.

என் கண்ணையே நான் நம்பவில்லை. அதிகமாக வெட்டிவிட்டேனோ என்று மூன்று முறை திரும்பச் செய்தேன். பிறகு என் முடிவை டாக்டரம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டு, லேபுக்கு அதைச் சொல்லாமல், அடாப்டரை வெட்டிவிட்டுப் பார்க்கும்படி மட்டும் எழுதினோம். மறுநாள் மாலை அஸர் நேரத்தில் டாக்டரம்மா கூப்பிட்டார்.

“நீ பாத்தது சரிம்மா. அது கெடுதலான மாத்தந்தான். இப்பவே பால நிறுத்திரு.”

அல்ஹம்துலில்லாஹ் என்றேன். அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. ஆஃப்ரின் வாந்தி எடுக்க எடுக்க, பசியாக இருக்கும் என்று மறுபடி மறுபடி பால் கொடுத்தது நான்தான். யாருக்கும் தெரியாது, உன் தவறில்லை என்று டாக்டரம்மா சொன்னார். என் கணவரும் சொன்னார். அந்த வாரம் பால் கட்டிக்கொண்டு மார்பு வலித்தபோது, இரண்டு பிள்ளைகளுக்குமாகச் சேர்த்து அழுதேன்.

யாசிர் இப்போது நடக்கிறான். கோழி நாற்றம் என்று நான் முகம் சுளித்த அந்த வேலையை, ஆஃப்ரின் பிறப்பதற்கு முன்பே என்னைப் படைத்த ரப்பு எனக்குக் கற்றுக்கொடுத்து வைத்திருந்தான். அவளை ஏன் காப்பாற்றவில்லை என்று நான் கேட்காத நாளில்லை. அந்தக் கேள்வியையும் இப்போது அவனிடமே சொல்கிறேன். வேறு யாரிடமும் அழைத்துச் செல்லாமல் அது என்னை ஸஜ்தாவுக்கே கொண்டுவருகிறது.

சகோதரிகளே, வாய் கூசினாலும் கேளுங்கள். அவனிடமும் கேளுங்கள், மனிதர்களிடமும் கேளுங்கள். நான் கேட்கத் தயங்கிய இரண்டு நாள் உங்கள் வீட்டில் எவருக்கும் வர வேண்டாம். உங்கள் துஆவில் என் ஆஃப்ரினையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தம்பிக்குப் பதில் சொல்லிவிட்டுப் போனவள் அவள்.