பந்திக்கு அழைத்த கேசட்

என் அண்ணன் குருநாதன் வீட்டு வாசலில் வேப்பமரத்துக்குப் பக்கத்தில் ஒரு அம்பாசடர் கார் நிற்கிறது. ஜெயங்கொண்டத்திலிருந்து கங்கைகொண்ட சோழபுரம் போகிற பஸ்ஸில் இருந்து பார்த்தாலே தெரியும். இன்ஜின் செத்துப் போய் டயர்கள் மண்ணில் இறங்கிவிட்டன. ஆனாலும் பேட்டரிக்கு மட்டும் அண்ணன் விடாமல் சார்ஜ் ஏற்றி வைத்திருந்தார். அந்த வண்டியில் இருக்கிற கேசட் பிளேயர் பேசினால்தான் என் அண்ணி கலியம்மாள் சாப்பிட வாயைத் திறப்பார் என்று ஒரு காலம் இருந்தது. அது என்ன கதை என்று சொல்கிறேன்.

ஆலத்தியூர் சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்த ஒருவரிடம் அந்த வண்டியை வாங்கி, அண்ணன் டாக்சி ஓட்டினார். எங்கள் பெரியப்பா பேத்தி கல்யாணத்திலிருந்து, அண்ணியின் ஒன்றுவிட்ட தங்கை கொளஞ்சியம்மாள் வளைகாப்பு வரைக்கும் அவர் வண்டிதான். மண்டபத்தில் ஆட்களை இறக்கிவிட்டு வெளியே உட்கார்ந்திருப்பார். உள்ளே பந்தி மேல் பந்தி நடக்கும். டிரைவர் நினைப்பு யாருக்கும் வராது. காலி வயிற்றோடு வீட்டுக்கு வருவார். அண்ணி உலை வைத்துக்கொண்டே திட்டுவார்.

"ஊரையே ஏத்தி எறக்குறீங்க. எனக்கும் ஒரு எலை போடுங்கன்னு கேக்க வாய் இல்லியா?"

"கேட்டு வாங்கித் தின்னா அதுக்குப் பேரு விருந்தா புள்ள?"

அதனால்தான் மகள் பூங்குழலிக்குக் காது குத்தியபோது அண்ணி மைக் செட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னார். "சொந்தக்காரங்கள ஊரு பேரு சொல்லிக் கூப்புடுங்க. கடைசியா வண்டி ஓட்டிக்கிட்டு வந்த டிரைவருங்களக் கூப்புடுங்க. அவங்க எந்திரிச்ச பொறவுதான் நான் கை நனைப்பேன்." அவரும் அப்படியே கூப்பிட்டார். கூப்பிட்டதையெல்லாம் ஒரு கேசட்டில் பிடித்தும் கொடுத்தார்.

பல வருஷம் கழித்து அண்ணிக்கு மறதி நோய் வந்தது. முதலில் உப்புப் போட்டதை மறந்தார். பிறகு என்னை, பிறகு பெற்ற மகளை, கடைசியில் அண்ணனையும் மறந்தார். சோற்றை நீட்டினால், "வந்தவங்க இன்னும் சாப்புடல, நான் எப்புடித் திங்கிறது?" என்று தட்டைத் தள்ளினார். வாசலுக்கு ஓடி ஓடி யாரையோ தேடினார். ஆள் பாதியாகிவிட்டார். ஒருநாள் காரின் பின் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றார். ஏதாவது பாடட்டும் என்று அண்ணன் பழைய கேசட் ஒன்றைப் போட்டார். அது காதுகுத்துக் கேசட். ஊர் ஊராகக் கூப்பிடும் குரல் கேட்டது. டிரைவர்களைக் கூப்பிட்டு முடித்ததும் அண்ணி தட்டை இழுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அதுதான் வழக்கம். அண்ணன் சாவியை ஒரு திருகு மட்டும் திருகுவார். சின்னதாகப் பச்சை விளக்கு எரியும். கேசட்டைத் தள்ளினால் 'டக்' என்று உள்ளே இறங்கும். சாப்பாடு முடிந்ததும் முதலில் பொத்தானை அழுத்திக் கேசட்டை வெளியே எடுப்பார். அப்புறம்தான் சாவியை அணைப்பார். உள்ளே ஒரு ரப்பர் உருளை நாடாவை அழுத்திக்கொண்டிருக்கும், எடுக்காமல் அணைத்தால் வெயிலில் இளகி நாடாவோடு ஒட்டிவிடும் என்று என்னிடமே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

அப்படிப்பட்டவர்தான் அன்றைக்குத் தவறிவிட்டார். நாள் கணக்கில் தூங்காத அண்ணி, சாப்பிட்ட வாயோடு சீட்டிலேயே கண் அசந்தார். பொத்தானை அழுத்தினால் கேசட் 'டக்' என்று துள்ளும்; விழித்துவிடுவாளே என்று சாவியை மட்டும் மெதுவாகத் திருகி அணைத்தார். சித்திரை வெயில். பிறகு அவரும் மறந்துவிட்டார்.

மறுநாள் சாவியைத் திருகியதும் குரல் இழுபட்டது. பிறகு நின்றது. பொத்தானை அழுத்தினார், குத்தினார். கேசட் வரவில்லை.

வரதராசன்பேட்டையிலிருந்து லியோ பிரபு வந்தான். கார்களுக்கு ஸ்பீக்கர் மாட்டுகிற பையன். பிளேயரைக் கழற்றிப் பிரித்தபோது நாடா, சீப்பில் சுற்றிய முடி மாதிரி உருளையில் சுற்றிக் கிடந்தது.

"ஐயா, இத போன்ல ஏத்தி வச்சிருக்கக் கூடாதா?"

"பூங்குழலி கேட்டுக்கிட்டேதான் இருந்தா தம்பி. வெளிய போனா தொலைஞ்சிடும்னு நான்தான் குடுக்கல."

அவன் பாவம், வெட்டி ஒட்டிப் பார்த்தான். மாட்டி ஓட்டினால் தண்ணீருக்குள் யாரோ கத்துகிற மாதிரி கேட்டது. அண்ணி காதைப் பொத்திக்கொண்டு அலறினார். அதோடு நாடா துண்டு துண்டாக அறுந்தது. ரேடியோ மட்டும் வேலை செய்தது. அதில் யாரோ நெல்லுக்கு உரம் போடுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அண்ணி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இவரு யார் வூட்டு ஆளு? பந்திக்குக் கூப்புடவே மாட்டேங்குறாரே" என்றார்.

அன்று சாப்பிடவில்லை. அடுத்த நாளும் இல்லை. பால் ஊற்றினால் துப்பினார். அரியலூர் ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் போட்டார்கள், பிடுங்கி எறிந்தார். கையைக் கட்டித்தான் போட வேண்டும் என்றார்கள். "கட்டிப் போட அவ என்ன மாடா?" என்று சொல்லி அண்ணன் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். உதடு வெடித்திருந்தது. நிற்க முடியாதவர், காரில் ஏற்றச் சொல்லி மட்டும் கையைக் காட்டினார்.

அண்ணன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, கேசட் தள்ளுகிற ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். "கொன்னுட்டேனே பாப்பாத்தி. என் கையாலயே கொன்னுட்டேனே" என்று என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு அழுது, ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டார்.

எனக்கு என்ன தோன்றியதோ, "நீயே கூப்புடுண்ணே. பேரை நான் சொல்றேன்" என்றேன்.

"என் குரலு எப்புடிம்மா அந்தக் குரலாவும்?"

"ஆவுதோ இல்லியோ, கூப்புடு."

அண்ணன் கூப்பிட்டார். "தாய்மாமன் ஆண்டிமடம் ராசாங்கம் வூட்டாருங்க எல்லாம் பந்திக்கு வாங்க... குரும்பலூரு சின்னம்மா வூட்டாருங்க வாங்க... உடையார்பாளையத்துச் சம்பந்தி வூட்டாருங்க..." நான் சொல்லச் சொல்ல அவர் கூப்பிட்டார். அதில் பாதிப்பேர் செத்துப் போனவர்கள். அண்ணி தலையைத் திருப்பினார்.

"ராசாங்கம் சாப்புட்டானா?"

"சாப்புட்டாரு அண்ணி. ரெண்டாந்தடவை பாயசம் வாங்குனாரு."

"அவன் வாங்குவான், பெருந்தீனிக்காரன்."

சொந்தம் முடிந்தது. தட்டை நீட்டினேன். வாயைத் திறக்கவில்லை. அண்ணன் கடைசியாகக் கூப்பிட்டார். "வண்டி ஓட்டிக்கிட்டு வந்த டிரைவருங்க யாரும் சாப்புடாமப் போயிடாதீங்க. பந்திக்கு வாங்க."

அண்ணி முன் சீட்டையே உற்றுப் பார்த்தார். கேசட்டில் அது எங்கிருந்தோ வரும் குரல். இப்போதோ கண்ணெதிரே ஒரு டிரைவர் உட்கார்ந்திருந்தார்.

"நீங்க சாப்புட்டீங்களா டிரைவரு?"

சாப்பிட்டேன் என்று சொல்லச் சொல்லி நான் கண்ணைக் காட்டினேன். அண்ணனுக்குப் பொய் வரவில்லை. அண்ணி சாப்பிடாத நாளிலிருந்து அவரும் பச்சைத் தண்ணீரில்தான் இருந்தார்.

"இல்லம்மா."

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அண்ணி தட்டை என் கையிலிருந்து வாங்கினார். ரசச் சோற்றைப் பிசைந்து உருட்டி முன் சீட்டுக்கு நீட்டினார்.

"மண்டபத்துல ஒங்கள யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. எனக்குத் தெரியும். எங்க வூட்டுக்காரரும் டிரைவருதான். இந்நேரம் எந்த ஊர்ல பட்டினி கெடக்குறாரோ."

அண்ணன் அந்தக் கையிலிருந்து வாங்கித் தின்றார். மென்றார், அழுதார், மறுபடி மென்றார். அவர் விழுங்கி முடிக்கும்வரை பார்த்திருந்துவிட்டு, அண்ணி விரலில் ஒட்டியிருந்த பருக்கையைத் தன் வாயில் வைத்தார். பிறகு ஒரு பிடி எடுத்தார்.

இப்போதும் அப்படித்தான் நடக்கிறது. நான் பேர் சொல்ல, அண்ணன் கூப்பிடுகிறார். அண்ணி டிரைவருக்கு முதல் உருண்டையைக் கொடுத்துவிட்டு, பேருக்கு இரண்டு வாய் சாப்பிடுகிறார். உடம்பு தேறவில்லை. அண்ணன் மட்டும் முன்கூட்டி எதையும் தின்பதில்லை. பசியோடுதான் போய் அந்த டிரைவர் சீட்டில் உட்காருகிறார்.