கொம்பைப் பிடித்தவன்

என்னைக் கோபக்காரன் என்று சொல்லுகிறவர்கள் பொய் சொல்லவில்லை. மொன்ட்ரியாலின் ஜான்-டலோன் சந்தையில் நான் வேலை செய்த இறைச்சிக்கடையில் இரண்டு முறை கத்தியை வீசியிருக்கிறேன். ஒரு முறை அது கதவில் குத்தி நின்றது. முதலாளி சிரித்துக்கொண்டு அதைப் பிடுங்கி வந்து என் கையிலேயே தந்தார். அப்படிப்பட்ட மனிதரைத்தான் பிறகு ஒரு நாள் அவருடைய வீட்டிலேயே வைத்து அடித்தேன். அடி விழவேண்டிய ஆள் அவரல்ல என்பதையும் சேர்த்துத்தான் எழுதப் போகிறேன்.

முதலாளி கியூபெக்காரர், அறுபதைத் தொட்டவர். ஒவ்வொரு இலையுதிர் காலமும் வடக்கே போய் மூஸ் மான் சுட்டுக்கொண்டு வருவார். அதைத் தோலுரித்து மூட்டு மூட்டாகக் கழற்றுவது என் வேலை. முதல் வருஷமே என் கையைப் பார்த்துவிட்டு, நீ கடையில் பழகியவன் இல்லை, காட்டில் பழகியவன் என்றார். உண்மைதான். மட்டக்களப்புக்கு மேற்கே, படுவான்கரைக் காடுகளில் பத்தொன்பது வயது வரைக்கும் மானும் மரையும் அடித்துத் திரிந்தவன் நான். பிறகு அந்தக் காட்டுக்குள் மனிதரை மனிதர் சுடத் தொடங்கினார்கள். நான் தப்பி வந்துவிட்டேன்.

ஊரில் யுத்தநிறுத்தம் என்று சொல்லிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. ஆபிரிக்காவின் தெற்கே ஒரு பாலைவன நாட்டுக்குப் பத்து நாள் வேட்டைக்குப் போக முதலாளியும் அவருடைய சிநேகிதர் ஒருவரும் ஒழுங்கு செய்திருந்தார்கள். புறப்பட மூன்று கிழமை இருக்கையில் சிநேகிதரின் முழங்காலில் சத்திரசிகிச்சை செய்யவேண்டி வந்தது. அந்த இடத்துக்கு நீ வா என்றார் முதலாளி. எனக்குக் கனேடியக் கடவுச்சீட்டு கிடைத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதில் ஒரு முத்திரையும் விழவில்லை. கரும்பு தின்னக் கூலியா என்று உடனே தலையாட்டிவிட்டேன்.

மனைவி யாழ்ப்பாணத்தவள், எதையும் சுற்றிவளைத்துச் சொல்லமாட்டாள். "உங்களுக்கு விசரே? வெடிச்சத்தம் கேக்காமல் இருக்கத்தானே இஞ்சை வந்தனாங்கள்" என்றாள். அவள் சொன்னதை நான் கேட்டிருக்க வேண்டும்.

அது சிவப்பு மணலும் முள்மரமும் மட்டுமே உள்ள நாடு. ஆடி மாதம் அங்கே குளிர்காலம். விடியற்காலையில் வாளித் தண்ணீரில் ஐஸ் ஏடு கட்டியிருக்கும், மதியம் வெயில் மண்டையைப் பிளக்கும். எங்களுக்கு வழிகாட்டி அந்த வேட்டைப் பண்ணையை நடத்திய வெள்ளைக்காரர். அவருக்கு முன்னால் எப்போதும் ஒருவர் நடந்தார், மணலில் தடம் பார்க்கிறவர். மெலிந்த, கட்டையான மனிதர், என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். கையில் ஒரு தடி மட்டும் வைத்திருப்பார். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஏறக்குறைய ஒரே அளவு நொண்டி, அதனால் எங்களுக்குள் ஒத்துப்போனது.

முதல் நாளே வழிகாட்டி சட்டத்தைச் சொல்லிவிட்டார். மிருகம் விழுந்தாலும் அவர் சொல்லும்வரை ஒருவரும் கிட்டப் போகக்கூடாது. அவர் பின்பக்கமாகப் போய், துவக்கு முனையால் அதன் கண்ணைத் தொட்டுப் பார்ப்பார். கண் இமைத்தால் இன்னொரு வெடி. பண்ணை வேலையாள் யாராவது அவரை முந்திக்கொண்டு போனால் அன்றோடு வேலை போகும். நான் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன். இந்தக் காதால் வாங்கி அந்தக் காதால் விட்டுவிட்டேன்.

முதல் இரண்டு நாளில் ஒரு வரிக்குதிரையும் இரண்டு சிறிய மான்களும் விழுந்தன. தோலுரிக்கும் கொட்டிலில் கொழுக்கியில் மாட்டி நானே உரித்தேன். மொன்ட்ரியாலில் இறைச்சி குளிரூட்டியிலிருந்து விறைத்து வரும். இங்கே வயிற்றைக் கீறியதும் முகத்தில் சூடு அடித்தது, முழங்கைவரை இரத்தம் வழிந்தது. சொல்ல வெட்கப்படவில்லை, எனக்கு அது பிடித்திருந்தது. இருபது வருஷமாக எங்கோ மடித்து வைத்திருந்த ஒருவன் எழும்பி வந்ததுபோல் இருந்தது.

அவன் எப்படிப்பட்டவன் என்று சொன்னால்தான் மூன்றாம் நாள் நடந்தது விளங்கும். ஊரில் எங்கள் வேட்டைக் கூட்டில் பாதிப்பேர் தமிழர், பாதிப்பேர் பக்கத்து ஊர் முஸ்லிம்கள். பன்றி விழுந்தால் எங்களுக்கு மட்டும். மானோ மரையோ விழுந்தால் இரண்டு ஊருக்கும் சமபங்கு. ஆனால் உயிர் போகமுதல் இறைவன் பெயரைச் சொல்லிக் கழுத்தை அறுக்க வேண்டும், செத்தபின் அறுத்தால் அவர்கள் தொடமாட்டார்கள், பாதி ஊர் வெறுங்கையோடு போகும். அதனால் வெடி கேட்டதும் ஓடுகிறதுக்கென்று ஒருவன் இருந்தான். அவன் கொம்பிரண்டையும் பிடித்து, முழங்காலால் கழுத்தை அமத்தி, தொண்டையை மேலே காட்டி வைத்திருப்பான். கத்தியோடு காக்கா பின்னால் வருவார். எங்கள் பக்கத்தில் முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். ஓடிப் பிடிக்கிறவன் நான்.

மூன்றாம் நாள் காலை முதலாளி ஒரு கெம்ஸ்பொக்கைச் சுட்டார். அது குதிரை அளவு உடம்பும், தலையில் ஈட்டி நீளத்துக்கு இரண்டு நேர்க்கொம்பும் உள்ள மிருகம். தோளில் படவேண்டிய குண்டு வயிற்றில் பட்டது. அது முதுகை வளைத்து ஒரு உதை உதைத்துவிட்டு ஓடியது. தடம் பார்க்கிறவர் மணலில் ஒரு துளியைத் தொட்டு மணந்து பார்த்து, குடல் என்றார். மூன்று மணித்தியாலம் அவர் பின்னால் நடந்தோம். கடைசியில் அது ஒரு முட்புதருக்குள் பின்பக்கத்தைச் செருகிக்கொண்டு, கொம்பை எங்களை நோக்கித் தாழ்த்தியபடி நின்றது. ஒரு முழக் குடல் வெளியே தொங்கி மணலில் புரண்டுகிடந்தது. முதலாளியின் இரண்டாவது வெடி கழுத்தடியில் பட்டது. முன்னங்கால் மடிந்து விழுந்தது.

மூச்சு இழுபடும் சத்தம் எனக்குக் கேட்டது. அந்தச் சத்தம் கேட்டால் ஓடவேண்டும், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். வழிகாட்டி பின்னால் கத்தியது காதில் விழுந்தும் நிற்கவில்லை. கொம்பிரண்டையும் பிடித்தேன். முழங்காலைக் கழுத்தில் வைத்தேன். தலையைத் திருப்பித் தொண்டையைக் காட்டினேன்.

"காக்கா, கெதியா வாங்க, உசிர் கிடக்கு" என்று கத்தினேன்.

அந்தப் பாலைவனத்தில் எந்தக் காக்கா வரப்போகிறார்? எழும்பியது மிருகம்தான். முன்னங்காலை ஊன்றி ஒரு உதறு உதறியது, நான் முதுகு அடிபட மணலில் விழுந்தேன். நிமிர்ந்து பார்க்கையில் கொம்பு என் நெஞ்சுக்கு நேரே இறங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் யாரோ என் இடுப்புப் பட்டியைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள். தடம் பார்க்கிறவர். என்னை இழுத்த இழுப்பில் அவர் முன்னால் வந்துவிட்டார். ஒரு கொம்பு அவருடைய தொடையின் உள்பக்கத்தில் ஏறி மறுபக்கத்தால் வெளியே வந்தது. மிருகம் தலையை ஆட்டியது, அவரும் சேர்ந்து ஆடினார். அவர் போட்ட சத்தத்தை எழுத என்னிடம் எழுத்து இல்லை. முதலாளி துவக்கை நீட்டியபடி நின்றார், எங்களைத் தாண்டிச் சுட அவரால் முடியவில்லை. வழிகாட்டி ஓடிவந்து காதுக்குப் பின்னால் முனையை வைத்துச் சுட்டார். மூளைச் சிதறல் என் வாய்க்குள்ளும் வந்தது.

கொம்பை நானும் வழிகாட்டியுமாகச் சேர்ந்து உருவினோம். இரத்தம் விட்டுவிட்டுப் பீறியது. என் பட்டியைக் கழற்றி, அவருடைய தடியையே செருகி முறுக்கித் தொடையைக் கட்டினேன். இது நான் இறைச்சிக்கடையில் பழகியதல்ல, ஊரில் பழகியது.

ஆஸ்பத்திரிக்கு நாலு மணித்தியாலக் கிரவல் பாதை. பிக்கப் வண்டியின் பின்தட்டில் அவரைக் கிடத்தி, காயத்தை இரண்டு கையாலும் அமத்திக்கொண்டு நான் இருந்தேன். பாதி வழியில் அவர் கண் திறந்தார். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நொண்டி ஆங்கிலத்தில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நீ ஓடினாய், உன்னைப் பிடிக்கத்தான் நான் வந்தேன், அதை அவர்களிடம் சொல் என்றார். தான் முந்திப் போனதாக அவர்கள் எழுதினால் வேலை போகும், வேலையோடு பண்ணை தந்த வீடும் போகும், மனைவியும் பிள்ளைகளும் அதில்தான் இருக்கிறார்கள் என்றார்.

"சொல்லுறன். கட்டாயம் சொல்லுறன்" என்றேன். தமிழில் சொன்னதை உணர்ந்து ஆங்கிலத்திலும் சொன்னேன். அவர் தலையை அசைத்தார்.

அடுத்த நாள் மதியம் பண்ணைச் சாப்பாட்டு மேசையில் வழிகாட்டி ஒரு கடதாசியை வைத்தார். தடம் பார்க்கிறவர் உத்தரவில்லாமல் முந்திக்கொண்டு போய்க் குத்துப்பட்டார் என்று அதில் எழுதியிருந்தது. நடந்ததை நான் சொல்ல வாயெடுத்தேன். விருந்தாளி மேல் பிழை என்றால் பொலிஸ் விசாரணை வரும், முடியும்வரை கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்றார் வழிகாட்டி. கையெழுத்தைப் போடு, ஊருக்குப் போவோம் என்றார் முதலாளி பிரெஞ்சில். எங்கள் பக்கத்தில் விசாரணைக்குப் போன எத்தனையோ பேர் திரும்பி வரவில்லை. கத்தி எறிகிற வீரன், பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். நான் கோழை என்று எழுத எனக்கு இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது.

மிச்ச நாளும் முதலாளி வேட்டையாடினார், நான் தோலுரித்தேன். தடம் பார்க்கிறவரின் காலை எடுத்துவிட்டார்கள், ஆள் பிழைத்துவிட்டார் என்று மட்டும் செய்தி வந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வருஷம் கழித்து அந்தக் கெம்ஸ்பொக்கின் தலை பதம் செய்யப்பட்டுக் கப்பலில் வந்தது. முதலாளி கர்க்லாண்டில் இருந்த தன் வீட்டுச் சுவரில் அதை மாட்டி, ஒரு ஞாயிறு மதியம் எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டார். நானும் மனைவியும் போனோம். வைன் கோப்பையோடு அவர் கதையைத் தொடங்கினார். அந்தக் கட்டையன் தன்னைப் பெரிய மாடுபிடி வீரன் என்று நினைத்துக்கொண்டு ஓடினானாம். கொம்பில் அவர் ஆடிய மாதிரி முதலாளி ஒற்றைக்காலில் துள்ளிக் காட்டினார், அந்தச் சத்தத்தையும் போட்டுக் காட்டினார். விருந்தாளிகள் சிரித்தார்கள்.

நான் எழும்பிப் போய் அவர் வாயில் குத்தினேன். கோப்பை உடைந்தது. விழுந்தவர் மேல் ஏறியிருந்து மறுபடியும் குத்தினேன், மூக்கு எலும்பு என் விரலுக்குக் கீழே நொறுங்கியது தெரிந்தது. மூன்று பேர் சேர்ந்துதான் என்னை இழுத்தார்கள். வெள்ளைச் சட்டை முழுக்க இரத்தத்தோடு அவர் என்னைப் பார்த்து, கோபமில்லாமல், "அந்தப் பொய்யை நான் உனக்காகத்தானே சொன்னேன்" என்றார். அவர் சொன்னது சரி. ஓடியது அவரில்லை, வாக்குக் கொடுத்ததும் அவரில்லை. பொலிசைக் கூப்பிடவும் அவர் விடவில்லை. கடைக்கு நான் பிறகு போகவில்லை.

திரும்பும் பஸ்ஸில் மனைவிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். மெத்ரோ நிலையத்தில் இறங்கினோம். பிறகு, "அப்ப அந்த மனிசன்ர வீடு?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த நாள் காலை தெப்பனேர் என்கிற மூலைக்கடையில் ஒரு ரெலிபோன் காட் வாங்கி வந்து பண்ணைக்கு எடுத்தேன். மனைவி பக்கத்தில் நின்றாள். வழிகாட்டிதான் எடுத்தார். ஓடியது நான், அந்தக் கடதாசி பொய் என்றேன். தெரியும், நான் பார்த்துக்கொண்டுதானே நின்றேன் என்றார். எழுதித் தருகிறேன், அவருக்கு வேலையையும் வீட்டையும் திருப்பிக் கொடுங்கள் என்றேன். எழுது, ஆனால் அந்த வீட்டில் இப்போது வேறு ஆட்கள் என்றார். ஆஸ்பத்திரியால் வந்த மாதமே குடும்பத்தோடு வெளியேறிவிட்டார்கள், எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது. நான் பிறகு மூன்று கடிதம் அனுப்பினேன், ஒன்றுக்கும் பதில் வரவில்லை.

அன்றைக்கு ரெலிபோனில் எனக்கு மறுபடியும் கோபம் ஏறியது. கோழைக்குக் கோபம்தானே கைமுதல். அந்த மனிதருக்கு வாய் இல்லையா, தான் ஓடவில்லை என்று அவர் ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். வழிகாட்டி சொன்னார், கடதாசியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன், அவனுக்கு வாசிக்கத் தெரியாது என்று.

என்ன எழுதியிருக்கிறது என்றுகூடவா கேட்கவில்லை என்றேன்.

"இல்லை. யாருடைய கையெழுத்து என்று கேட்டான். உன்னுடையது என்றேன். அப்படியென்றால் சரி, அவன் சொல்லிவிட்டான் என்று சொல்லிப் பெருவிரலை நீட்டினான்."